கொப்புளமா, பூஞ்சையா? ஸ்டீராய்டைக் கூட்டும் முன் பார்க்க வேண்டிய சோதனை

என் அத்தைக்கு முதலில் வாய்தான் புண்ணானது. ரசம் சாதம்கூட எரிகிறது என்றார். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை என்று நான்கு மாதம் ஓடியது. பிறகு முதுகிலும் மார்பிலும் நீர் கோத்த கொப்புளங்கள் கிளம்பின. தொட்டால் உடைந்தன. உடைந்த இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அது பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் என்று தெரிந்தது. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்கள். ஏழெட்டு வாரத்தில் தோல் மூடிக்கொண்டது, அத்தை மறுபடி அடுப்படிக்கு வந்தார்.

மூன்றாவது மாதம் வாய் திரும்பவும் எரிந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். நோய் திரும்புகிறது, டோஸைக் கூட்ட வேண்டும் என்றார்கள். 20 மில்லிகிராமாக இறங்கியிருந்த மாத்திரை 40 ஆனது. பத்து நாளில் கஞ்சிகூட இறங்கவில்லை. "தொண்டைக்குள்ள மிளகாயை அரைச்சு அப்புன மாதிரி இருக்கு தம்பி" என்று எழுதிக் காட்டினார், பேச முடியாமல்.

கடைசியில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடித் துண்டின் விளிம்பால் நாக்கின் மேல் இருந்த வெண்படிவை மெல்லச் சுரண்டினார். அதை இன்னொரு கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சில நிமிடம் கழித்து என்னையே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நீளநீளமான நூல்கள் தெரிந்தன. அவற்றின் ஓரத்தில் சின்னச் சின்ன முட்டை வடிவங்கள் ஒட்டியிருந்தன, மல்லிகை மொட்டைச் சரமாகக் கோத்ததுபோல. "இது பெம்ஃபிகஸ் இல்லைங்க. கேண்டிடா, பூஞ்சை. ஸ்டீராய்டைக் கூட்டக் கூட்ட இதுக்குத்தான் தீனி போட்டிருக்கோம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. பெம்ஃபிகஸ் போன்ற தன்னெதிர்ப்புக் கொப்புள நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோய், உள்ளவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. ஆனால் அது நோய் திரும்பியதுபோலவே வேடம் போட்டு வருகிறது. அந்த வேடத்தை நம்பி மருந்தைக் கூட்டும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

செங்கல்லும் சாந்தும்

நம் மேல்தோலை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கற்கள். அவற்றை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் சாந்து, டெஸ்மோகிளீன் என்ற புரதம். கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் வழிதவறி இந்தச் சாந்தையே தாக்கினால் அது பெம்ஃபிகஸ். டெஸ்மோகிளீன் 3 தாக்கப்பட்டால் வாய், டெஸ்மோகிளீன் 1 தாக்கப்பட்டால் தோல், இரண்டும் என்றால் இரண்டு இடமும். சாந்து போன சுவர்போலச் செல்கள் தனித்தனியாகக் கழன்று மிதக்கும். அதனால்தான் இந்தக் கொப்புளம் தொளதொளவென்று இருக்கிறது, எளிதில் உடைகிறது.

புல்லஸ் பெம்ஃபிகாய்டு என்ற இன்னொரு கொப்புள நோய் வேறு. அதில் சுவர் அப்படியே இருக்கும், அஸ்திவாரம் விட்டுப்போகும். மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் பிபி 180, பிபி 230 என்ற புரதங்கள் அங்கே தாக்கப்படுகின்றன. கொப்புளம் விறைப்பாக, தடித்த தோலோடு இருக்கும். பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களின் நோய் இது. பெம்ஃபிகஸோ நம் நாட்டில் நாற்பதுகளில் இருப்பவர்களையே அதிகம் பிடிக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று தோல் மருத்துவர் வால்டர் லீவர் பிரித்துக் காட்டியது 1953-இல். நோயாளியின் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் இருப்பதை பியூட்னரும் ஜார்டனும் கண்டது 1964-இல்.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். 1950-களில் கார்ட்டிசோன் வகை மருந்துகள் வந்த பிறகு அந்தக் கணக்கு தலைகீழானது. இன்று பெம்ஃபிகஸ் நோயாளிகள் இறந்தால் முதன்மைக் காரணம் கொப்புளம் அல்ல, தொற்று. நோயை அடக்கும் மருந்தே தொற்றுக்குக் கதவு திறக்கிறது என்ற உண்மையோடுதான் இந்த நோயாளிகள் வாழ வேண்டியிருக்கிறது. அதற்காக அந்த மருந்தை நான் பழிக்க மாட்டேன். அத்தை உயிரோடு இருப்பது அதனால்தான்.

பூஞ்சைக்கு ஏன் இவ்வளவு வசதி

நல்ல தோலின் மேல் பூஞ்சை விழுந்தாலும் பெரும்பாலும் வேர்விட முடியாது. மேலே உலர்ந்த கொம்புப் படலம் இருக்கிறது, அது நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மையோடு இருக்கிறது. அங்கே குடியிருக்கும் நல்ல கிருமிகளும் இடம் கொடுப்பதில்லை. கொப்புளம் உடைந்த இடத்தில் இவை ஒன்றும் இல்லை. கசியும் நீரில் புரதம் உண்டு, சர்க்கரை உண்டு, வெதுவெதுப்பும் உண்டு. ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கத் தட்டில் இடுவதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான்.

அடுத்தது மருந்து. பெம்ஃபிகஸுக்குத் தொடக்கத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கை ஒட்டி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது வழக்கம். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 மில்லிகிராம் வரை. ஆஸ்துமாவுக்கு ஐந்து நாள் கொடுக்கும் டோஸை மாதக்கணக்கில் எடுப்பதுபோல. ஸ்டீராய்டு செய்யும் ஒரு காரியத்தை நோயாளியின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சையைத் தின்று அழிக்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் இரத்தக் குழாயிலிருந்து இறங்கித் தொற்று உள்ள இடத்துக்குப் போவதை அது தடுக்கிறது. அவை இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும், களத்திலோ ஆள் இருக்காது. காய்ச்சலையும் ஸ்டீராய்டு அமுக்கிவிடும். சூடு இல்லை, ஆகவே தொற்று இல்லை என்ற நம் வீட்டுக் கணக்கு இந்த நோயாளிகளிடம் செல்லாது.

இந்தியாவுக்கென்று ஒரு தனி வரலாறும் இதில் இருக்கிறது. 1980-களில் டெல்லி எய்ம்ஸில் ஜே.எஸ். பஸ்ரிச்சா கொண்டுவந்த பல்ஸ் சிகிச்சை நாடு முழுக்கப் பரவியது. மாதத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ட்ரிப்பில் ஏறும். அதில் ஒரு நாள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் 500 மில்லிகிராம் சேரும். இடைப்பட்ட நாட்களில் 50 மில்லிகிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரை. அந்த 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் கணக்கில் 650 மில்லிகிராமுக்கு மேல். செலவு குறைவு, பலன் பெரிது. பல்லாயிரம் குடும்பங்களைக் காப்பாற்றிய சிகிச்சை அது. அதே சமயம், பல்ஸுக்கு வந்து படுக்கும் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பார்க்க வேண்டிய கடமையும் அதோடு வந்தது.

மூன்றாவது சர்க்கரை. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். ஸ்டீராய்டு, இருக்கும் சர்க்கரையைக் கூட்டும், இல்லாதவருக்கும் வரவழைக்கும். காலையில் மாத்திரை போடுவதால் சாப்பாட்டுக்குப் பின், மத்தியானத்திலிருந்து மாலைவரைதான் சர்க்கரை எகிறும். வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு 110 தானே, நார்மல் என்று திருப்தியாகத் திரும்புபவர்கள் ஏராளம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இன்னொரு சுற்றுவழியும் உண்டு. சர்க்கரைக்குக் கொடுக்கும் வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை மாத்திரைகளுக்கும் புல்லஸ் பெம்ஃபிகாய்டுக்கும் தொடர்பு இருப்பது இன்று உறுதியாகியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையால் கொப்புளம், கொப்புளத்துக்கு ஸ்டீராய்டு, ஸ்டீராய்டால் சர்க்கரை, சர்க்கரையால் பூஞ்சை. முதியவருக்குப் பெம்ஃபிகாய்டு வந்தால் அவர் என்ன சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்று அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. அதை மாற்றுவது மருத்துவர் வேலை, நாமாக நிறுத்தக் கூடாது.

வாய்

நல்ல உடல்நிலையில் இருப்பவர்களிலேயே பாதிப் பேர் வரை வாயில் கேண்டிடா குடியிருக்கிறது. எதிர்ப்பு குறைந்ததும் அது உருண்டை வடிவத்திலிருந்து நூல் வடிவத்துக்கு மாறித் திசுவுக்குள் ஊடுருவும். பெம்ஃபிகஸ் வாய்க்குக் கூடுதல் சுமை ஒன்று இருக்கிறது. மாத்திரையோடு, புண்ணின் மேல் தடவ ட்ரையம்சினலோன் களிம்பும் கொப்பளிக்க ஸ்டீராய்டு கரைசலும் கொடுப்பார்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே இடத்தில் ஸ்டீராய்டு. வலியால் பல் துலக்குவதும் நின்றுபோகும்.

அடையாளம் எப்படி இருக்கும்? புளித்த மோர் திரிந்து ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள். துணியால் துடைத்தால் உரிந்து, கீழே சிவந்த தளம் தெரியும். பெம்ஃபிகஸ் புண் பெரும்பாலும் கிழிந்த ஓரத்தோடு, செக்கச்செவேலென்று பச்சைப்புண்ணாக இருக்கும். படிக்க எளிதாக இருக்கிறது. நேரில் அப்படி இல்லை. பெம்ஃபிகஸ் புண்ணின் மேலும் வெள்ளையாக ஒரு படலம் மூடும். கேண்டிடாவிலும் வெள்ளையே இல்லாமல் நாக்கு வழவழவென்று சிவந்து எரிகிற வகை ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அக்கி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பஸும் அதே புண்ணில் குடியேறும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுத்த அந்த கிளினிக் மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இதையெல்லாம் படித்தபின் குறைந்துவிட்டது. கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாத இடம் இது.

ஆகவேதான் அந்தச் சுரண்டல். கே.ஓ.எச். சோதனை என்பார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையின் சுவர் கரையாது. மிஞ்சுவது பூஞ்சை மட்டும். செலவு மிகக் குறைவு, நேரம் அதிகம் போனால் அரை மணி. கூடவே இன்னொரு கண்ணாடித் துண்டில் சாயமேற்றி ட்ஸாங்க் சோதனை செய்தால் பெம்ஃபிகஸில் கழன்ற உருண்டைச் செல்களும், ஹெர்பஸில் வரும் பல கருக்கள் கொண்ட பெரிய செல்களும் தெரியும். இரண்டு கண்ணாடித் துண்டு, மூன்று கேள்விக்குப் பதில். மைக்ராஸ்கோப் இருக்கும் எந்தத் தோல் பிரிவிலும் இது முடியும். டோஸைக் கூட்டுகிறோம் என்று யாராவது சொன்னால், "ஒரு தடவை சுரண்டிப் பார்த்துடலாமா சார்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எச்சில் விழுங்கினாலே நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். பெம்ஃபிகஸும் உணவுக்குழாயைப் பிடிக்கும் என்பதால் சில சமயம் எண்டோஸ்கோப்பி தேவைப்படும். அத்தைக்கு அது தேவைப்படவில்லை. ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை தொடங்கிய நான்காம் நாள் இட்லியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் வாய் தெளிந்தது. ஸ்டீராய்டும் பழைய 20-க்கே இறங்கியது.

மடிப்பும் நகமும் படர்தாமரையும்

வாய்க்கு அடுத்தது உடம்பின் மடிப்புகள். அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கு, படுத்தே இருப்பவர்களுக்கு முதுகும் புட்டமும். கேண்டிடா இங்கே ஈரமான சிவப்பாகப் படரும். அதன் எல்லைக்கு வெளியே கடுகு தூவினதுபோலச் சிறு சிறு சீழ்க்கட்டிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். குழப்பம் இங்கேயும் உண்டு. பெம்ஃபிகஸ் வெஜிடன்ஸ் என்ற வகை மடிப்புகளில்தான் தடித்து வளரும். நகச்சுத்தும் அப்படித்தான். பாத்திரம் கழுவி ஈரத்திலேயே இருக்கும் கைகளில் கேண்டிடாவால் நகச்சுத்து வரும், பெம்ஃபிகஸ் நேரடியாகவும் நகத்தைச் சுற்றி வீங்கவைக்கும்.

படர்தாமரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் அதன் குணமே மாறிவிட்டது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியாவில் படர்தாமரை எளிதில் ஆறாத, குடும்பத்தோடு பரவுகிற நோயாகிவிட்டது. இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப்பெயரே வைத்தார்கள். இந்தியாவின் பெயர் அதற்குள் இருக்கிறது. டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கு அது பெருமளவு எதிர்ப்பு காட்டுகிறது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவிய, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்புகள் இந்தச் சிக்கலை வளர்த்ததில் பெரும்பங்கு வகித்தன. 2018-இல் ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. கடைகளில் இன்றும் கிடைக்கின்றன.

இப்போது ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். பெம்ஃபிகாய்டு. உடம்பு முழுக்கத் தடவ குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டுக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மருமகனுக்குப் படர்தாமரை. துண்டு பொது. அவர் இடுப்பில் வளையம் வளையமாகச் சிவப்பு வருகிறது. பெம்ஃபிகாய்டும் கொப்புளம் வருவதற்கு முன் இப்படி வளையச் சிவப்பாகத்தான் தொடங்கும். நோய் திரும்புகிறதென்று இன்னும் கொஞ்சம் களிம்பு. ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை தன் முகத்தை இழந்துவிடும்: செதில் போகும், ஓரம் மங்கும், அரிப்புகூடக் குறையும், ஆனால் அகலமாகிக்கொண்டே போகும். முடிக்காலின் வழியே ஆழமாகவும் இறங்கும். அந்த வளையத்தின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் விஷயம் அன்றே முடிந்தது. கூடவே மருமகனுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அது திரும்பத் திரும்ப வரும்.

ஆழத்துக்குப் போகும் பூஞ்சைகள்

இவை குறைவு. ஆனால் உயிரை எடுப்பவை இவைதான்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை என்ற பெயரில் நாம் கேட்டது மியூகார்மைகோசிஸ். அந்த ஆண்டு ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மே மாதமே தமிழ்நாடு அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதிக ஸ்டீராய்டு, கட்டுக்கடங்காத சர்க்கரை என்ற இரண்டும் கைகோத்தபோது என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது. பெம்ஃபிகஸ் நோயாளியின் உடம்பில் அந்த இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும். ஒருபக்க முகவலி, மூக்கடைப்போடு கறுத்த சளி, கண் வீக்கம், இரட்டையாகத் தெரிதல், அண்ணத்தில் கறுப்பு: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் அழுகும் இலைகளிலும் இருக்கின்றன. அதனால்தான் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொப்புளம் என்றாலே நம் ஊரில் அக்கி அல்லது அம்மை என்று நினைப்போம். அக்கி என்றால் காவி மண்ணைக் குழைத்து எழுதுவார்கள், அம்மை என்றால் வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். அவற்றின் பின்னால் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் தோல் கழன்ற பச்சைப்புண்ணில் மண் படக் கூடாது. பச்சிலையும் கூடாது.

மருத்துவமனையில் வாங்கும் பூஞ்சையும் உண்டு. கழுத்து நரம்பில் நாள்கணக்கில் ட்ரிப் குழாய், கூடவே பல ஆன்டிபயாட்டிக் என்று இருந்தால் கேண்டிடா இரத்தத்துக்குள் நுழையலாம். அப்படி நுழைந்தால் தக்க சிகிச்சையிலும் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள். 2009-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்று இந்திய ஐ.சி.யூ.க்களில் நன்கு அறியப்பட்ட பிரச்சினை. அது தோலின் மேலேயே தங்கி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும், ஃப்ளுகோனசோலுக்குப் பெரும்பாலும் அடங்காது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. தோலே இல்லாமல் படுத்திருப்பவரைத் தொடும் முன் கை கழுவுங்கள் என்று பார்க்க வருபவர்களிடம் சொல்ல வீட்டார் கூச்சப்பட வேண்டியதில்லை.

நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சை விஷயத்தில் மருத்துவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. நாளுக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஸ்டீராய்டை ஒரு மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு அது வராமல் தடுக்க முன்கூட்டியே கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுப்பது பொதுவான வழக்கம். ஆனால் 2017-இல் வந்த ஓர் ஆய்வு, அப்படி முன்தடுப்பு இல்லாமல் இருந்த கொப்புள நோயாளிகள் 800 பேர் அளவில் ஒருவருக்கு மட்டுமே இந்த நிமோனியா வந்ததைக் காட்டியது. கோட்ரைமாக்சசோலோ சல்ஃபா மருந்து, அதுவே கடுமையான தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரலாம். ஆகவே எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதைவிட நுரையீரல் நோய் இருப்பவர், வெள்ளணு மிகக் குறைந்தவர் என்று ஆள் பார்த்துக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வறட்டு இருமலும், நாலடி நடந்தால் மூச்சிரைப்பும் வந்தால் உடனே காட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பூஞ்சை மருந்தும் பழைய மாத்திரைகளும்

பூஞ்சை என்று தெரிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பெம்ஃபிகஸ் நோயாளியின் மாத்திரை டப்பாவில் ஏற்கெனவே ஏழெட்டு வகை இருக்கும். பூஞ்சை மாத்திரை அவற்றோடு மோதும்.

ஸ்டீராய்டு எடுப்பவர்கள் பலருக்கு வயிற்றுப்புண் வராமலிருக்க பேண்டோப்ரசோல் கொடுத்திருப்பார்கள். படர்தாமரைக்கு அதிகம் எழுதப்படும் இட்ராகோனசோல் காப்ஸ்யூல் கரைந்து உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் பேண்டோப்ரசோல் அந்த அமிலத்தை அடக்கிவிடும், இரவு போட்ட இட்ராகோனசோலும் சரியாகச் சேராது. மூன்று மாதம் சாப்பிட்டும் படர்தாமரை போகவில்லை என்று வருந்துபவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். இட்ராகோனசோல் இன்னொன்றும் செய்யும். டெக்ஸாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் போன்றவற்றை ஈரல் உடைக்கும் வேகத்தைக் குறைத்து, அவை உடம்பில் தங்கும் அளவைக் கூட்டிவிடும். சீட்டில் டோஸ் அதே, உடம்புக்குள் டோஸ் வேறு. பிரெட்னிசலோனில் இந்தத் தொல்லை குறைவு.

ஃப்ளுகோனசோலுக்கு வயிற்று அமிலம் தேவையில்லை, ஆனால் அது கிளிமெப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டும். நடு இரவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிப்போவது நடக்கும். அத்தைக்கு ஒரு விடியற்காலை இப்படித்தான் ஆனது. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்த பிறகுதான் நிதானமானார். பூஞ்சை மாத்திரை எழுதும்போது மொத்த மாத்திரைச் சீட்டையும் மேசைமேல் வைத்துவிடுங்கள். கொழுப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, எல்லாவற்றையும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பூஞ்சை என்று கேள்விப்பட்டதும் ஸ்டீராய்டால்தானே வந்தது என்று பயந்து மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடுவது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி உறங்கிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கொப்புளமும் பாய்ந்து திரும்பும். குறைப்பது படிப்படியாகத்தான்.

டோஸைக் குறைக்கும் வழிகள்

பூஞ்சை ஆபத்தைக் குறைக்க உருப்படியான வழி, மொத்த ஸ்டீராய்டைக் குறைப்பது. அதற்கு இன்று வழி இருக்கிறது. 2017-இல் பிரான்ஸில் பாஸ்கல் ஜோலி குழுவினர் நடத்திய ஆய்வு வெளியானது. ரிட்டுக்சிமாப் ஊசியோடு குறுகிய கால ஸ்டீராய்டு பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு முடிவில் எந்த மாத்திரையும் இல்லாமல் நோயற்று இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் அப்படி இருந்தது 34 சதவீதம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அந்த ஊசிக்கு பெம்ஃபிகஸுக்கென்று அனுமதி கிடைத்தது. எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களைத்தான் அது காலி செய்கிறது. பூஞ்சையோடு சண்டையிடும் முதன்மைப் படை நியூட்ரோஃபிலும் டி செல்லும் என்பதால், பூஞ்சைக் கணக்கில் நீண்டகால அதிக ஸ்டீராய்டைவிட இது மேல். ஆனால் ஹெபடைட்டிஸ் பி கண்விழிக்கும் அபாயம் உண்டு, அதை முன்பே சோதிக்க வேண்டும்.

பெம்ஃபிகாய்டுக்கு அதே ஜோலி குழு 2002-இல் இன்னும் எளிய விடை ஒன்றைக் காட்டியது. நோய் பரவலாக இருந்தவர்களில், குளோபெட்டசால் களிம்பை உடல் முழுக்கத் தடவியவர்களில் ஓராண்டு முடிவில் 76 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதிக டோஸ் மாத்திரை எடுத்தவர்களில் 58 சதவீதம். நாளுக்கு 40 கிராம் களிம்பைத் தடவிவிட வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். தனியாக வாழும் முதியவருக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது ஈரத்தைக் கட்டுப்படுத்துவது. புண் ஒட்டாமல் இருக்க வாழையிலையில் படுக்கவைப்பது நம் மருத்துவமனைகளிலேயே உள்ள வழக்கம். வழவழப்பு, குளிர்ச்சி, செலவும் இல்லை. ஆனால் இலையைக் கொதிநீரிலோ ஆவியிலோ வாட்டிச் சுத்தப்படுத்தியிருக்க வேண்டும், கசிந்ததும் மாற்ற வேண்டும். ஒரே இலையில் இரவு முழுக்கக் கிடந்தால் முதுகு ஊறி, கேண்டிடாவுக்குப் பாய் விரித்ததாகிவிடும். குளித்ததும் மடிப்புகளைத் தேய்க்காமல், ஒற்றி உலரவைக்க வேண்டும். துண்டும் படுக்கை விரிப்பும் வெயிலில் காய வேண்டும். வாயில் ஸ்டீராய்டு கரைசல் கொப்பளித்தால் சொன்ன நேரம் வைத்திருந்து முழுக்கத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது.

அத்தைக்குப் பல்செட் உண்டு. அதைக் கழற்றாமல் தூங்குவது முப்பது வருடப் பழக்கம். பூஞ்சை அதன் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வாய்க்குள் வருகிறது என்று அந்த இளம் மருத்துவர் சொன்ன பிறகு, இரவில் கழற்றிக் கழுவி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரில் போட்டுவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, மாமா எடுத்த படம். கீழே ஒரே வரி: "வெள்ளை இல்ல தம்பி." இப்போது அவர் எடுப்பது 5 மில்லிகிராம்.